சான் டியாகோவிலிருந்து ஐந்து நாள் ஆழ்கடல் தூண்டில் பயணம்: முதல்முறை செல்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில், பாயின்ட் லோமா படகுத்துறையிலிருந்து புறப்பட்டு, மெக்சிகோவின் பாகா கலிஃபோர்னியாக் கரையையொட்டித் தெற்கே சென்று திரும்பும் ஐந்து நாள் பயணத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படகும் கேப்டனும் பணியாளர்களும் சமையல்காரரும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இருபது முதல் முப்பது பேர் வரை இடம் பதிவு செய்துகொண்டு ஏறுகிறோம். முதல்முறை வருபவர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் இரண்டாம் நாள் விடியற்காலையில். அதற்கான காரணமோ ஒரு வாரத்துக்கு முன்பு வீட்டில் செய்யாமல் விட்ட வேலையில் இருக்கிறது. அதனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. மாதத்தையும் நாள்கணக்கையும் முடிவு செய்தல்

ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காலமே முதல் பயணத்துக்கு ஏற்றது. கோடையில் நீர் சூடேறும்போது மஞ்சள்வால் என்னும் யெல்லோடெயில், மஞ்சள் துடுப்புச் சூரை, நீலத் துடுப்புச் சூரை, மாஹி மாஹி என்றும் அழைக்கப்படும் டொராடோ ஆகியவை ஐந்து நாள் படகு எட்டக்கூடிய தொலைவுக்குள் வந்துவிடுகின்றன. யெல்லோடெயில் நம் ஊர்ப் பாறை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அதன் முரட்டு இழுப்பை நம்மவர்கள் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம்.

குளிர்காலத்தில் பத்து முதல் பதினாறு நாள்வரை செல்லும் படகுகள் இருநூறு பவுண்டுக்கு மேற்பட்ட சூரையைத் தேடிச் செல்பவை. அவற்றுக்குத் தேவையான கருவியும் உடற்பயிற்சியும் வேறு. வஞ்சிரத்தின் உறவான வாஹூ மீனைப் பிடிக்க வேண்டுமென்றால், பொதுவாக இலையுதிர்காலத்தில் எட்டு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட பயணம் வேண்டும்.

ஐந்து நாளுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஓர் இரவுப் பயணமாவது போய் வாருங்கள். கடல்நோய் உங்களை எவ்வளவு படுத்தும், ஆடும் தளத்தில் உங்களால் முடிச்சுப் போட முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஓர் இரவு விடை சொல்லிவிடும். பதிவு செய்யும்போது, படகில் மொத்தம் எத்தனை பேர் ஏற்றப்படுவார்கள் என்று கேளுங்கள். படகின் நீளத்தைவிட இந்த எண்ணே முக்கியம், ஏனென்றால் விளிம்பில் உங்களுக்குக் கிடைக்கும் இடம் அதைப் பொறுத்ததுதான்.

2. ஆவணங்கள்

படகு மெக்சிகோ கடல் எல்லைக்குள் செல்வதால் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு கட்டாயம். மெக்சிகோ மீன்பிடி உரிமத்தையும், சில தீவுப் பகுதிகளுக்குத் தேவைப்படும் உயிர்க்கோளக் காப்பக அனுமதியையும் படகு அலுவலகமே வாங்கித் தரும். அந்தக் கட்டணம் சீட்டு விலையில் அடங்குமா, தனியா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கடலிலும் தூண்டில் போடப்படலாம் என்பதால், 16 வயது நிரம்பியவர்கள் கலிஃபோர்னியா உரிமத்தையும் வாங்கிவிடுவது நல்லது.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாத நம்மவர்கள் இங்கே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்களும் பச்சை அட்டை வைத்திருப்பவர்களும், எந்தெந்த ஆவணங்களின் மூலப்பிரதி வேண்டும் என்பதைப் படகு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், முன்பணம் கட்டும் முன்பே குடிவரவு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேளுங்கள். புறப்படும் காலையில் துறையில் நின்று இதைக் கேட்டால், படகு உங்களை விட்டுவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியிருக்காது. முன்பணமும் திரும்ப வராது.

3. தூண்டில்கள்: எத்தனை, எந்த வலிமை

கடைக்குப் போய்க் கையில் கிடைத்ததையெல்லாம் வாங்காதீர்கள். முதல் பயணத்துக்கு நான்கு வலிமைகளில் (அதாவது மீன்பிடி நரம்பு எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்ற கணக்கில்) நான்கு தூண்டில்கள் போதும்: 25 அல்லது 30 பவுண்டு, 40 பவுண்டு, 60 பவுண்டு, 80 முதல் 100 பவுண்டு. இவற்றில் 40 பவுண்டுத் தூண்டிலை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு, மற்றவற்றைத் துறையிலுள்ள கடையிலோ படகிலோ வாடகைக்கு எடுங்கள். ஐந்து நாளில் மிக அதிக நேரம் உங்கள் கையில் இருக்கப்போவது 40 பவுண்டுத் தூண்டில்தான். அது உங்களுக்குப் பழகியதாக இருக்க வேண்டும்.

ஏன் இத்தனை வலிமைகள் என்று கேட்பார்கள். நரம்பு தடிமனாக இருந்தால் இரை மீனால் இயல்பாக நீந்த முடியாது. கண் கூர்மையான சூரை அதைக் கடிக்காமல் விலகிப்போகும். அதே நேரம், நூறு பவுண்டு மீன் வந்துவிட்ட இடத்தில் 25 பவுண்டு நரம்பைப் போட்டால், உங்கள் மீனும் போகும், பக்கத்தில் இருப்பவர்களின் நரம்பும் சிக்கும். அன்றைய மீனின் அளவையும் அதன் மனநிலையையும் பார்த்து, இன்று எதை எடுக்க வேண்டும் என்று கேப்டன் சொல்வார். அப்போது அது உங்களிடம் கட்டித் தயாராக இருக்க வேண்டும்.

ரீலின் உள்ளே ஸ்பெக்ட்ரா என்னும் பின்னல் நூலைச் சுற்றி, முனையில் ஃபுளோரோகார்பன் நரம்பை இணைப்பதுதான் இங்குள்ள வழக்கம். 40 பவுண்டுத் தூண்டிலுக்கு 65 பவுண்டு ஸ்பெக்ட்ரா சரியாக இருக்கும். 60 பவுண்டும் அதற்கு மேலும் என்றால், இரண்டு வேகம் கொண்ட ரீலாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய மீன் படகுக்கு நேர் கீழே வட்டமிடும்போது, தாழ்ந்த பல்சக்கரம் இல்லாமல் அதை மேலே கொண்டுவர முடியாது.

தூண்டில் முள்ளின் அளவை இரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 25, 30 பவுண்டு நரம்புக்கு 2ஆம் எண்ணிலிருந்து 1/0 வரையும், 40 பவுண்டுக்கு 1/0 முதல் 2/0 வரையும், அதற்கு மேல் இரையின் உடலுக்குத் தக்கவாறு பெரியதுமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு மத்தியில் பெரிய முள்ளைக் கோத்தால், அது ஒரு நிமிடத்தில் தளர்ந்துவிடும்.

உலோகத் தூண்டிகளில், அதாவது உலோகத்தாலான செயற்கை இரைகளில், நீர்ப்பரப்புக்கு ஒரு டாடி 45 அல்லது சாலஸ் 7எக்ஸ், ஆழத்துக்கு இரண்டு சாலஸ் 6எக்ஸ், சிறு மீன் கூட்டத்துக்கு இரண்டு மூன்று கோல்ட் ஸ்னைப்பர், இரவுச் சூரைக்கு 200 கிராமுக்கு மேற்பட்ட ஃபிளாட்ஃபால் மூன்று, இவ்வளவு போதும். புதியவர்கள் பெட்டி நிறையத் தூண்டிகள் வாங்கி வருவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஆனால் படகில் ஏறும் மீனில் பெரும்பகுதி உயிருள்ள மத்தியைத் தின்றுதான் வருகிறது. அந்தப் பணத்தை நல்ல முள்ளுக்கும் ஃபுளோரோகார்பனுக்கும் செலவிடுங்கள்.

4. வீட்டிலேயே முடித்துவிட வேண்டியவை

இரண்டு முடிச்சுகள் போதும், ஆனால் அவை தூக்கத்திலும் வர வேண்டும். முள்ளையும் தூண்டியையும் கட்டுவதற்கு சான் டியாகோ முடிச்சு. ஸ்பெக்ட்ராவையும் ஃபுளோரோகார்பனையும் இணைப்பதற்கு எஃப்ஜி முடிச்சு. எஃப்ஜி முடிச்சை ஆடும் படகில் நின்றபடி முதல்முறையாகப் போட்டுப் பார்க்க நினைக்காதீர்கள். அதை வீட்டில் நிதானமாகப் போட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பலமாக இழுத்துச் சோதித்துப் பாருங்கள். எந்த முடிச்சாக இருந்தாலும் இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடேறினால், அந்த இடத்தில் அதன் வலிமை போய்விடும்.

அடுத்தது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எதிர்ப்புடன் வெளியேறுகிறது என்ற அளவு. இதைக் கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். ஒரு சுருள்வில் தராசை நரம்பின் முனையில் கட்டி, தூண்டிலை வளைத்துப் பிடித்து, நரம்பு நழுவத் தொடங்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். நரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து பத்தில் மூன்று பங்கு வரை இருக்க வேண்டும். 40 பவுண்டுக்கு அது 10 முதல் 12 பவுண்டு. அந்த நிலையை ரீலின் நெம்புகோலுக்கு எதிரே நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புள்ளி ஏன் அவசியம் என்பதை என் முதல் பயணத்தில்தான் கற்றேன். மீன் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது; ரீலில் சுற்று குறைவதைப் பார்த்துப் பதறி, நெம்புகோலை இன்னும் சிறிது முன்னே தள்ளினேன். ஒரு சிறு சத்தத்துடன் நரம்பு அறுந்தது. ஓடும் மீனைத் தடுத்து நிறுத்துவது நம் வேலை அல்ல. சரியாக அளந்து வைத்த டிராக் அதைக் களைப்படையச் செய்யும். நாம் அதைத் தொடாமல் இருந்தாலே போதும்.

5. உடை, மருந்து, பெட்டி

கடல்நோய் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு விழுங்குவதில் பயன் குறைவு. மெக்லிசின் போன்ற மாத்திரை என்றால், முதல் நாள் இரவே ஒன்று எடுத்து, புறப்படும் காலையில் இன்னொன்று எடுங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் ஒட்டுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். அது மூன்று நாள்வரை வேலை செய்யும். ஒட்டிய பின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கும். கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. எதுவாக இருந்தாலும், அதைப் பயணத்துக்கு முன்பே ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். சிலரை அது நாள் முழுவதும் தூங்க வைத்துவிடும்.

கோடை என்று நம்பி மெல்லிய சட்டையோடு வருபவர்கள் விடியலில் நடுங்குகிறார்கள். இந்தக் கடலில் காலை மூடுபனி குளிர்ச்சியானது. நண்பகல் வெயிலோ தோலை உரிக்கும். கழற்றவும் போடவும் வசதியாக அடுக்கடுக்கான உடை, நீர் புகாத மேலங்கி, வழுக்காத ரப்பர் பூட்ஸ், நீரின் ஒளிக்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி, தொப்பி, விரல் நுனி மூடாத வெயில் கையுறை ஆகியவை போதும். திறந்த செருப்பு வேண்டாம். தளத்தில் முள்ளும் ஈயமும் மீனின் செதிலும் எப்போதும் கிடக்கும்.

தூண்டில் பெட்டியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அல்லது இடுப்பில் தொங்கும்படி ஒரு குறடு, நரம்பு வெட்டி, நான்கைந்து முள், இரண்டு ரப்பர் வளையம் ஆகியவை எப்போதும் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். மீன் கூட்டம் வந்திருக்கும் ஐந்து நிமிடத்தில் பெட்டியைத் தேடி ஓடுபவர் அந்த ஐந்து நிமிடத்தையும் இழக்கிறார்.

உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூன்று வேளையும் இடைப்பட்ட சிற்றுண்டியும் தாராளமாக வரும். மரக்கறி உணவு மட்டும் உண்பவர்கள் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். ஒரு சிறு புட்டி ஊறுகாயும் பருப்புப் பொடியும் மூன்றாம் நாள் மிகவும் உதவும். வாழைப்பழத்தை மட்டும் கொண்டுபோகாதீர்கள். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்பது இங்குள்ள பணியாளர்களில் பலரின் உறுதியான நம்பிக்கை. ஐந்து நாள் நமக்காக உழைக்கப்போகும் மனிதர்களின் நம்பிக்கையை மதிப்பது நம் மரபுக்கும் ஏற்றதே.

6. புறப்படும் காலை

துறையில் சொல்லப்பட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே இருங்கள். பெயரைப் பதிந்ததும் உங்களுக்கு ஓர் எண் கிடைக்கும். ஐந்து நாளும் நீங்கள் அந்த எண்தான்: இழுவைத் தூண்டில் (ஓடும் படகின் பின்னால் இழுபடும் தூண்டில்) முறை, உங்கள் மீனில் அடிக்கப்படும் அடையாளச் சீட்டு, இறுதியில் துறையில் மீன் பிரிப்பது எல்லாம் அதன்படியே நடக்கும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தூண்டில், பெட்டி, பை எல்லாவற்றிலும் பெயர் எழுதிய பட்டையை ஒட்டுங்கள். ஒரே மாதிரியான முப்பது கறுப்புத் தூண்டில்கள் ஒரே தாங்கியில் நிற்கப்போகின்றன.

படகு துறையை விட்டு நகர்ந்ததும் நேரே கடலுக்குப் போகாது. விரிகுடாவின் உள்ளேயே மிதக்கும் இரைக் கூண்டுகளின் அருகே நின்று, உயிருள்ள மத்தியை வலையால் அள்ளித் தொட்டிகளில் நிரப்பும். இதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பயணத்தின் வெற்றி தோல்வி இந்தத் தொட்டிகளில்தான் இருக்கிறது என்பதால், அங்கே பணியாளர்களுக்கு இடையூறாக நின்று படமெடுக்க வேண்டாம்.

7. தெற்கு நோக்கிய முதல் நாள்

பாகா கரையருகே உள்ள செட்ரோஸ் தீவுப் பக்கம் போவதென்றால், ஏறக்குறைய முந்நூறு கடல் மைல் இருக்கிறது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கடல் மைல் ஓடும் படகுக்கு அது ஒரு முழு நாளோ அதற்கு மேலோ. நீலத் துடுப்புச் சூரை அமெரிக்கக் கடலிலேயே இருந்தால், சுமார் நூறு மைல் மேற்கே உள்ள கோர்ட்டெஸ், டேனர் என்னும் கடலடி மேடுகளில் ஒன்றின் மேல் படகு நின்றுவிடலாம். எங்கே போவது என்பது கேப்டனின் முடிவு. புறப்படும்வரை அது மாறிக்கொண்டே இருக்கும்.

மதியத்தில் கேப்டன் அனைவரையும் அழைத்துப் பாதுகாப்பு விதிகளையும், எதிர்பார்க்கும் மீனையும், அதற்குரிய நரம்பையும் விளக்குவார். இதைத் தவறவிட்டுவிட்டுத் தூங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அவர் சொல்லி முடித்ததும் அதன்படி முள்ளைக் கட்டி, பணியாளர் ஒருவரிடம் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். முதல் நாளில் அவர்களுக்கு நேரம் இருக்கிறது, சொல்லித் தருவதில் விருப்பமும் இருக்கிறது. நாளை மீன் தளத்தில் துடிக்கும்போது அந்த நேரம் இருக்காது.

பகலில் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக முறைவைத்து இழுவைத் தூண்டில் பிடிக்க வேண்டும். உங்கள் முறையில் தூண்டிலருகே நில்லுங்கள். உள்ளே போய்த் தேநீர் குடிக்காதீர்கள். நீங்கள் பிடிக்கும் அந்த ஒரு மீன்தான் படகையே ஒரு கூட்டத்தின் மேல் நிறுத்துகிறது. இரவு ஒன்பது மணிக்குள் படுத்துவிடுங்கள். இயந்திரச் சத்தத்துக்குக் காது அடைப்பான் அவசியம்.

8. இரை மீனைத் தேர்ந்தெடுத்துக் கோத்தல்

நிறைய மீன் பிடித்தவருக்கும் ஒன்றும் பிடிக்காதவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

கைத்தொட்டியின் முன் குனிந்து உற்றுப் பாருங்கள். சில மத்திகள் மூக்கு சிவந்திருக்கும். அவை தொட்டிச் சுவரில் மோதி மோதிக் களைத்தவை. சிலவற்றின் விலாவில் செதில் உதிர்ந்து வெளிர்த்திருக்கும். முதுகு பளபளக்கும் பச்சையாக, செதில் முழுதாக, மற்றவற்றை விலக்கிக்கொண்டு விரையும் மீன் ஒன்று இருக்கும். சிறு வலையால் அதை மட்டும் அள்ளுங்கள். கையை நனைத்துக்கொண்டு, இறுக்காமல், விரல்களுக்குள் அது அதிரும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள். உங்கள் உள்ளங்கையில் நிறையச் செதில் ஒட்டியிருந்தால், அந்த இரையின் உயிரில் பாதி போய்விட்டது என்று பொருள். கீழே விழுந்த மத்தியை எடுத்துக் கோக்காதீர்கள்.

முள்ளை மூக்கின் குறுக்கே ஏற்றலாம். அல்லது செவுளுக்குப் பின்னால் உள்ள கடினமான எலும்பு வளையத்தில் ஏற்றலாம். மூக்கில் கோத்தால் நீரோட்டத்தில் நேராக இழுபடும். வளையத்தில் கோத்தால் படகிலிருந்து விலகி ஓடும். முதலில் மூக்கிலேயே தொடங்குங்கள், அதைச் செய்வது எளிது.

நீரில் விட்ட இரை இரண்டு மூன்று நிமிடம் கடிபடாமல் இருந்தாலோ, ஓடாமல் மயங்கினாலோ, படகின் அடிக்குத் திரும்பி வந்தாலோ உடனே மாற்றுங்கள். ஒரே மத்தியை இருபது நிமிடம் நீரில் வைத்துக் காத்திருப்பவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் பொறுமையை ஒரு பண்பாக நினைக்கிறார்கள்; இந்தத் தொழிலில் இரையை மாற்றும் சுறுசுறுப்புதான் பண்பு.

9. நிற்கும் பக்கம்

மிதந்துகொண்டிருக்கும் படகில் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கத்தில் நில்லுங்கள். காற்று படகைத் தள்ளும்போது, அந்தப் பக்கத்தில் விட்ட நரம்பு படகிலிருந்து விலகி நேராக நீளும். முதுகில் காற்று வாங்கும் பக்கத்தில் நின்றால், படகே உங்கள் நரம்பின் மேல் ஏறிவிடும். இரை அடித்தளத்துக்குக் கீழே போய், எதிர்ப்பக்கத்தில் நிற்பவரின் நரம்போடு சிக்கும். நிழலாக இருக்கிறது என்பதற்காகத் தவறான பக்கத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர்.

நங்கூரமிட்டிருந்தால் கணக்கு வேறு. அப்போது நீரோட்டம் நரம்பைப் படகின் பின்பக்கம் கொண்டுபோகும். எல்லோரும் பின்பகுதியிலிருந்தே இரையை விட வேண்டும். உங்கள் நரம்பு எந்தக் கோணத்தில் போகிறதோ அதற்கு நேர் எதிரே நீங்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும். நரம்பு நகர நகர நீங்களும் நகருங்கள். நரம்பு நேராக இருந்தால் சிக்கல் இல்லை என்பதை இங்கே ஒவ்வொரு பணியாளரும் நாளுக்கு நூறு முறை சொல்வார்.

இரையைக் கீழ்க்கை வீச்சாக மெதுவாக விட்டு, ரீலைப் பூட்டாமல், பெருவிரலை நரம்புச் சுற்றின் மேல் இறகுபோல் வைத்திருங்கள். மத்தி துள்ளி ஓடுவது விரலில் சிறு அதிர்வாகத் தெரியும். அது திடீரென்று பதறி வேகம் கூட்டினால், பின்னால் ஏதோ வருகிறது என்று பொருள்.

10. மீன் கடித்த பின்

நரம்பு சீறிக்கொண்டு ஓடத் தொடங்கும். அப்போது தூண்டிலை ஓங்கி இழுக்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். வட்ட முள்ளாக இருந்தால், ஓங்கி இழுப்பது முள்ளை மீனின் வாயிலிருந்து உருவிவிடும். முனையை மீனை நோக்கித் தாழ்த்தி, மூன்று நான்கு எண்ணி, டிராக்கை நீங்கள் வைத்த புள்ளிவரை மெதுவாக ஏற்றிச் சுற்றத் தொடங்குங்கள். நரம்பு தானாக இறுகி, முள் வாயின் ஓரத்தில் பதியும். பிறகுதான் தூண்டிலை உயர்த்த வேண்டும். மீன் கடித்ததை உரத்த குரலில் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ளவர்கள் வழிவிடுவார்கள்.

இனி மீன் போகும் திசையில் நீங்களும் போக வேண்டும். அது படகைச் சுற்றினால், நீங்களும் விளிம்பைச் சுற்றி நடக்க வேண்டும். எதிரே வருபவரின் தூண்டிலுக்கு மேலே போவதா கீழே போவதா என்பதைப் பணியாளர் சொல்வார். அந்த நொடியில் காரணம் கேட்காமல் அப்படியே செய்யுங்கள். சென்ற முறை எங்களோடு வந்த இளைஞர் ஒருவர், முதல் சூரை கடித்த மகிழ்ச்சியில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மீன் முன்பக்கம் ஓடியது; நரம்பு நங்கூரக் கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி உராய்ந்தது. பத்து அடி நடந்திருந்தால் அந்த மீன் வந்திருக்கும்.

பெரிய மீனாக இருந்தால், தூண்டிலின் முன்பிடியைப் படகின் விளிம்புக் கட்டையின் மேல் வைத்து, அதையே நெம்புகோலாகப் பயன்படுத்துங்கள். முதுகால் தூக்குபவர் இருபது நிமிடத்தில் களைத்துவிடுவார். கட்டையின் மேல் வைத்துச் சுற்றுபவர் ஒரு மணி நேரமும் தாங்குவார்.

கடைசியில் சூரை படகுக்கு நேர் கீழே பெரிய வட்டங்களாகச் சுற்றும். ஒவ்வொரு வட்டத்திலும் பாதித் தூரம் அது விலகிப் போகும், பாதித் தூரம் உங்களை நோக்கி வரும். விலகும்போது பொறுத்திருந்து, வரும்போது தாழ்ந்த வேகத்தில் நான்கு சுற்று, ஐந்து சுற்று என்று மீட்டுக்கொள்ளுங்கள். நீருக்குள் மீனின் மினுமினுப்பு தெரிந்ததும் அதை உரக்கச் சொல்லுங்கள். கொக்கிக்கழியோடு பணியாளர் வந்துவிடுவார். அப்போது பின்னால் நகராதீர்கள், நரம்பைக் கையால் பிடிக்காதீர்கள். கொக்கி மீனில் ஏறியதும் ரீலைத் தளர்த்திவிடுங்கள். மீன் கொக்கியிலிருந்து நழுவி மீண்டும் பாய்ந்தால், இறுகிய நரம்பு அறுந்துபோகலாம். தொங்கும் முள் பணியாளரின் கையைக் கிழிக்கலாம்.

11. இரவில் நீலத் துடுப்புச் சூரை

இரவு நேரத்தில் இது ஆழத்தில், பெரும்பாலும் 150 முதல் 300 அடிக்குள் கடிக்கும். 80 பவுண்டுக்குக் குறையாத தூண்டிலை எடுங்கள். இருளில் ஒளிரும் ஃபிளாட்ஃபால் தூண்டியைக் கேப்டன் சொல்லும் ஆழத்துக்கு இறக்க வேண்டும். அது தானாகப் படபடத்து இறங்கும்போதுதான் பெரும்பாலும் கடிபடும். ஆகவே இறங்கும் நரம்பு நடுவில் நின்றால், அடியைத் தொட்டுவிட்டது என்று நினைக்காமல் உடனே பூட்டிச் சுற்றுங்கள். இரைதான் வேண்டுமென்றால், முள்ளுக்குச் சில அடி மேலே ரப்பர் வளையத்தால் 8 முதல் 12 அவுன்ஸ் ஈயக்குண்டைக் கட்டி மத்தியை இறக்கலாம். மீன் மேலே வரும்போது பணியாளர் ஈயக்குண்டைப் பிடுங்கிவிடுவார்.

12. வரம்பும் குளிர்தொட்டியும்

மெக்சிகோ கடலில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு மொத்தம் 10 மீன், ஒரே இனத்தில் 5, டொராடோவுக்கு 2. மூன்று நாளுக்கு மேற்பட்ட பயணத்தில் மூன்று நாள் வரம்புவரை கொண்டுவரலாம். நீலத் துடுப்புச் சூரைக்கு அமெரிக்க விதிப்படி நாளுக்கு 2, நீண்ட பயணத்துக்கு மொத்தம் 6. விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் நாளில் கேப்டன் சொல்வதே கணக்கு. உங்கள் எண்ணிக்கையை நீங்களும் எழுதி வாருங்கள். வரம்பு முடிந்த பிறகும் பிடிக்க ஆசைப்பட்டுப் பணியாளரை வற்புறுத்துவது அவர்களின் உரிமத்துக்கே ஆபத்து.

மீன் தளத்துக்கு வந்ததும் உங்கள் எண் அதன் செவுளில் அடிக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த இரையை எடுக்க வேண்டும். எண் இல்லாத மீனுக்குத் துறையில் உரிமை கோர முடியாது. பணியாளர் செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட்டு, நன்னீரின் உறைநிலைக்குச் சற்றுக் கீழே குளிர்விக்கப்பட்ட கடல்நீர்த் தொட்டியில் இறக்குவார். சூரையின் உடல், போராட்டத்தில் மிகவும் சூடேறியிருக்கும். இரத்தம் வடியாமல் வெயிலில் பத்து நிமிடம் கிடந்தால், சதையின் நிறமும் சுவையும் கெடும். படமெடுப்பதற்காக மீனைத் தளத்தில் நெடுநேரம் வைத்திருக்காதீர்கள். நல்ல படம் வேண்டுமென்றால் கடைசி நாள் துறையில் எடுக்கலாம்.

13. திரும்புதலும் அதன் பிறகும்

கடைசி மாலையில் தூண்டில்களைப் பிரித்து அடுக்கிவிட்டு, உணவுக்கூடக் கணக்கையும் பணியாளருக்கான அன்பளிப்பையும் தயாராக வையுங்கள். சீட்டு விலையில் 15 விழுக்காட்டை ஒட்டித் தருவது வழக்கம். பணமாகத் தருவது நல்லது. நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே உறங்கி ஐந்து நாள் உழைத்தவர்களுக்கு இது ஊதியத்தின் ஒரு பகுதியே.

துறையில் மீன் எண் வாரியாகப் பிரித்துத் தரப்படும். அருகிலேயே உள்ள பதப்படுத்தும் கடைகளில் சதையைச் சீவி, காற்று நீக்கிய பையில் அடைத்து, உறைய வைத்துத் தருகிறார்கள். முழு மீனின் எடையில் ஏறக்குறையப் பாதியோ அதற்குச் சற்றுக் கூடவோதான் சதையாகக் கிடைக்கும். வீட்டு உறைபெட்டியில் இடம் இருக்கிறதா என்பதை இந்தக் கணக்கில் முன்பே பாருங்கள். குழம்புக்கு என்றால், முள்ளோடு கூடிய துண்டுகளையும் தலையையும் தனியே கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் அவை கழிவாகப் போய்விடும்.

வீடு சேர்ந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், ரீல்களின் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் தகடுகள் அழுந்தி, அடுத்த முறை வெட்டி வெட்டி இழுக்கும். பிறகு நல்ல நீரை மென்மையாகத் தூவித் துடையுங்கள். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளே புகும். உராய்ந்த ஃபுளோரோகார்பனை வெட்டி எறிந்துவிட்டு, நகப்பூச்சுப் புள்ளி அழிந்திருந்தால், தராசை எடுத்து மறுபடியும் அளந்து குறித்து வையுங்கள்.